வழிகாட்டி வாங்கிய விருதைப் பார்த்துப் பயப்பட வேண்டுமா?

அன்புள்ள ஐயா,

உங்கள் மகளுக்கு அமெரிக்க அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் சமூக உளவியலில் பிஎச்.டி. இடம் கிடைத்திருப்பது நல்ல செய்தி. வழிகாட்டியாக வரப்போகும் பேராசிரியை, பன்முகத்தன்மை (இனம், பாலினம் என்று பார்க்காமல் எல்லாத் தரப்பினருக்கும் இடம் தருவது) பற்றி ஆராய்பவர், அந்தத் தலைப்பில் அங்கே பல்கலைக்கழக விருதும் வாங்கியவர். "அந்தப் பேச்சே இப்போ அங்க ஆகாது, வேற ஆளைப் பார்க்கச் சொல்லுங்க" என்று நியூஜெர்சி மைத்துனர் சொன்னதிலிருந்து உங்களுக்குத் தூக்கம் இல்லை. அவர் சொன்னதில் பாதி சரி. எந்தப் பாதி என்பதைப் பார்ப்போம்.

முதலில், இது என்ன மாதிரி ஆய்வு? தமிழ்நாட்டில் பிறந்த பொருளியலாளர் செந்தில் முல்லைநாதனும் மரியான் பெர்ட்ராண்டும் 2004-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பாஸ்டன், சிகாகோ நாளிதழ்களில் வந்த வேலை விளம்பரங்களுக்குச் சுமார் 5,000 விண்ணப்பங்களைத் தாங்களே தயாரித்து அனுப்பினார்கள். அவற்றில் பெயரைக் குலுக்கல் முறையில் மாற்றி மாற்றிப் போட்டார்கள். கறுப்பினத்தவர் பெயராகத் தெரிந்தவற்றைவிட, வெள்ளையர் பெயராகத் தெரிந்தவற்றுக்கு 50 சதவீதம் கூடுதலாக அழைப்பு வந்தது. இதில் கோஷம் எதுவும் இல்லை. சோதனையை வடிவமைப்பதும் புள்ளியியலும்தான் இருக்கிறது. மகள் கற்கப்போவதும் அதைத்தான். பேராசிரியர் வேலை கிடைக்காவிட்டாலும் அந்தத் திறமைக்குச் சந்தை உண்டு.

அடுத்து, விருது. எல்லாம் ஒரே ரகம் இல்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 1996-இல் தொடங்கிய ஹரோல்ட் ஜான்சன் விருது, பேராசிரியர்கள் பன்முகத்தன்மைக்காகச் செய்த சேவைக்கானது. பன்முகத்தன்மைக்கும் சமூக மாற்றத்துக்கும் என்றே ஐந்தாண்டுக்கு வழங்கப்பட்ட சிறப்புப் பேராசிரியர் பட்டம் வேறு. அதில் ஆய்வையும் சேர்த்துப் பார்த்தார்கள். ஆய்வுக்கான விருது என்றால், சக பேராசிரியர்கள் அந்தக் கட்டுரைகளை மதிக்கிறார்கள் என்று பொருள். சேவைக்கான விருது என்றால், அவர் மாணவர்களுக்கு நிறைய நேரம் கொடுப்பவர். கூடவே கமிட்டி கமிட்டியாக ஓடுபவராகவும் இருக்கலாம். அப்படிப்பட்டவர் மகளின் அத்தியாயத்தைப் படித்துத் திருப்பித் தர எத்தனை வாரம் எடுப்பார் என்று இப்போதைய மாணவர்களிடம் கேளுங்கள். என்னைக் கேட்டால், விருதைவிட அந்தப் பதில் முக்கியம்.

இனி அரசியல். 2023 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பது பற்றியது. ஆய்வு பற்றியது அல்ல. டெக்சாஸில் 2024 ஜனவரி முதல் நடப்பில் உள்ள சட்டம் அரசுப் பல்கலைக்கழகங்களின் பன்முகத்தன்மை அலுவலகங்களை மூட வைத்தது. ஆனால் வகுப்பில் பாடம் நடத்துவதற்கும் ஆய்வுக்கும் அதே சட்டத்தில் விலக்கு இருக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழகமும் 2025 மார்ச்சில் தன் மையப் பன்முகத்தன்மை அலுவலகத்தை மூடுவதாக அறிவித்தது. அலுவலகம் போனால் அதில் வேலை பார்த்தவர்களுக்குத்தான் முதல் அடி. டென்யூர் (நிரந்தரப் பணி) பெற்ற பேராசிரியரின் நாற்காலி அவ்வளவு சுலபமாக ஆடாது.

மைத்துனர் சொன்னதில் சரியான பாதி, பணம். 2025 ஏப்ரல் முதல், ஆய்வுக்கு நிதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான தேசிய அறிவியல் அறக்கட்டளை, ஏற்கெனவே கொடுத்திருந்த ஆய்வு நிதிகளைப் பெரிய அளவில் ரத்து செய்தது. பன்முகத்தன்மை பற்றிய ஆய்வுகள் அதில் நிறையவே சிக்கின. மகளின் உதவித்தொகை பேராசிரியையின் அப்படியொரு நிதியிலிருந்து வருவதாக இருந்தால், நிதி நின்றதும் ஆர்.ஏ. (ஆய்வு உதவியாளர்) வேலையும் நிற்கும். அதனால் சேர்க்கைக் கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள். "ஐந்தாண்டு உதவித்தொகை" என்று தடித்த எழுத்தில் இருக்கும். இரண்டு பத்தி தள்ளி, "நிதி இருப்பைப் பொறுத்து" என்று சாதாரண எழுத்தில் இருக்கும். அந்த இரண்டாவது வரிதான் உங்கள் கவலைக்குரிய வரி.

துறையின் பட்டப்படிப்பு ஒருங்கிணைப்பாளருக்கு மகளே மின்னஞ்சல் எழுதட்டும். நீங்கள் எழுத வேண்டாம், அங்கே அது வித்தியாசமாகப் படும். என் உதவித்தொகை துறையிலிருந்து வருகிறதா, பேராசிரியையின் நிதியிலிருந்தா? அந்த நிதி நின்றால் துறை எனக்கு டி.ஏ. (கற்பித்தல் உதவியாளர்) வேலை தருமா? கோடை மாதங்களுக்குப் பணம் உண்டா, மருத்துவக் காப்பீடு சேர்த்தியா? இதையெல்லாம் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. அங்கே எல்லாரும் கேட்பதுதான். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வகுப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம் என்பதால், "வெளியே ஏதாவது செய்து சமாளித்துக்கொள்வாள்" என்ற கணக்கு உதவாது.

பயந்துபோய்த் தலைப்பை மாற்றச் சொல்லாதீர்கள். சாதி பற்றி ஆராய அவளுக்கு ஆசை என்று எழுதியிருந்தீர்கள். பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2019-லும், கலிபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழகங்கள் 2022-லும் தங்கள் பாகுபாடு தடுப்பு விதிகளில் சாதியைச் சேர்த்தன. அங்கே அது புதிய களம். நம் பிள்ளைக்குத் தெரிந்த களமும்கூட. அந்தப் பேராசிரியையிடம் இதுவரை பிஎச்.டி. முடித்தவர்கள் எங்கே வேலையில் இருக்கிறார்கள் என்பதையும் விசாரித்துவிடுங்கள்.

துறையிலிருந்து டி.ஏ. உறுதி என்று எழுத்தில் வந்தால் தாராளமாகச் சேரட்டும். வாய்ச் சொல் மட்டும்தான் வருகிறது என்றால், கையில் உள்ள மற்றொரு பல்கலைக்கழக இடத்தை இப்போதைக்கு விட வேண்டாம். உதவித்தொகையோடு வரும் சேர்க்கைக்கு ஏப்ரல் 15 வரை பதில் சொல்ல அவகாசம் தருவதாகப் பெரும்பாலான அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. மின்னஞ்சலை இந்த வாரமே அனுப்பச் சொல்லுங்கள்.