வாக்குத்தத்த அட்டையில் அச்சாகாத வசனம்

அன்புள்ள அண்ணனுக்கு, ஸ்தோத்திரம்.

எனக்கு 36 வயது. சென்னையில் ஐடி கம்பெனியில் பத்து வருடம் வேலை பார்த்தேன். இரண்டு வருடத்துக்கு முன் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. வேலையை விட்டுவிட்டு ஊருக்கு (திருநெல்வேலிப் பக்கம்) வந்துவிட்டேன். படுக்கைப்புண் வராமல் இரண்டு மணிக்கொரு தரம் அம்மாவைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். நான் தூங்குவதும் அந்தக் கணக்கில்தான். புது வருட ஆராதனையில் ஆளுக்கொரு வசனம் என்று கொடுக்கிற வாக்குத்தத்த அட்டையில் எனக்கு வந்தது எரேமியா 29:11, உங்கள்பேரில் நான் நினைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்கிற வசனம். ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் கோபம்தான் வருகிறது. "ஐடா ஸ்கடரும் அம்மாவைப் பார்க்க வந்தவர்தான், தேவன் அவரை எப்படிப் பயன்படுத்தினார் பார்" என்கிறார் எங்கள் ஐயரம்மா (போதகரின் மனைவி). அமெரிக்காவில் இருக்கும் என் அண்ணன், "அம்மாவைப் பார்க்கக் கர்த்தர் உன்னை அங்கே வைத்திருக்கிறார்" என்று வாட்ஸப்பில் எழுதுகிறான். எனக்கு எந்த நோக்கமும் தெரியவில்லை. வந்த புதிதில் பாத்ரூம் தண்ணீர் போகிற இடத்தில் ஒரு முருங்கைக் கொம்பு நட்டேன். அது மரமாகிவிட்டது, அம்மாவுக்குக் கீரை சூப் வைக்கிறேன். இரண்டு வருடத்தில் நான் செய்தது அவ்வளவுதான். நான் விசுவாசத்தில் பின்வாங்கிவிட்டேனா? பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள சகோதரி,

ஐயரம்மா சொன்னதிலிருந்து தொடங்குகிறேன். கதை சரிதான், ஆனால் பாதிதான் சொல்லியிருக்கிறார். 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா, அமெரிக்காவில் படித்துவிட்டு அங்கேயே இருந்துவிடத்தான் ஆசைப்பட்டார். மிஷனெரி வாழ்க்கையே வேண்டாம் என்றிருந்தவர். 1890இல் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனம் வந்தார். அங்கே ஒரே இரவில் மூன்று பேர் வந்து, பிரசவ வேதனையில் இருக்கும் மனைவியைப் பார்க்க வரும்படி அவரைக் கூப்பிட்டார்கள். என் அப்பா டாக்டர், அவர் வருவார் என்றார் ஐடா. ஆண் டாக்டர் வேண்டாம் என்று மூவரும் திரும்பிப் போனார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு ஐடா திண்டிவனத்திலேயே இருந்துவிடவில்லை. கப்பலேறிப் போய் மருத்துவம் படித்தார், 1899இல் பட்டம் வாங்கினார், அடுத்த வருடம் திரும்பி வந்து வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு ஆரம்பித்தார். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. அது வேலூர் சிஎம்சி மருத்துவமனையாக வளர்ந்த கதை எல்லாருக்கும் தெரியும்.

இந்தக் கதையைச் சின்ன வயதிலிருந்து பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அந்த மூன்று பெண்களிடம் வந்ததும் எனக்கு இடறும். ஐடாவை டாக்டராக்குவதற்காக அவர்கள் செத்தார்கள் என்று ஒருநாளும் என் வாயால் சொல்லமாட்டேன். அவர்கள் வீட்டில் போய் அப்படிச் சொல்ல முடியுமா? ஐடா அந்த இரவை அழைப்பாக எடுத்துக்கொண்டார், அது அவருக்கும் ஆண்டவருக்கும் நடுவில் உள்ளது. உங்கள் அம்மாவின் பக்கவாதம் உங்களை உருவாக்க வந்த பாடம் என்று யாராவது சொன்னால் நீங்கள் தலையாட்ட வேண்டியதில்லை. உங்களுக்கு ஒரு வேலூர் காத்திருக்கிறது என்றும் நான் சொல்லப் போவதில்லை.

சரி, ஃப்ரிட்ஜுக்கு வருவோம். அட்டையில் 11ஆம் வசனத்தை மட்டும் அச்சடித்திருப்பார்கள். வேதாகமத்தை எடுத்து 10ஐப் பாருங்கள். பாபிலோனில் எழுபது வருஷம் முடிந்த பிறகு என்று இருக்கும். அதை எந்த அட்டையிலும் நான் பார்த்ததில்லை.

அது ஒரு கடிதம். கி.மு. 597இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து யூதாவின் ராஜாவையும் தச்சரையும் கொல்லரையும் பிடித்துக்கொண்டு போன பிறகு, பாபிலோனில் கிடந்தவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதியது. அந்தக் காலத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே வருடம், எல்லாரும் திரும்பிவிடலாம் என்று சொன்னான். ஜனங்களுக்கு யாரைப் பிடித்திருக்கும்? இவரோ எழுபது என்கிறார். கேட்டவர்களில் நாற்பது வயதுக்காரனுக்கு என்ன அர்த்தம்? நீ ஊர் திரும்பமாட்டாய். பாபிலோனிலிருந்த செமாயா என்பவன் கொதித்துப்போய், இந்த ஆளைப் பிடித்து இன்னும் தொழுமரத்தில் மாட்டாமல் வைத்திருக்கிறீர்களே என்று எருசலேம் ஆலயத்துக்குப் பதில் கடிதமே எழுதினான். எனக்கு வரும் சில கடிதங்களோடு ஒப்பிட்டால் அவன் மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறான்.

நோக்கம் இன்னது என்று அந்தக் கடிதத்தில் விளக்கமே கிடையாது. நான் நினைத்திருக்கிற நினைவுகளை நான் அறிவேன் என்கிறார் ஆண்டவர். அவருக்குத் தெரியும் என்றுதான் சொல்கிறார், உனக்கும் தெரிந்தாக வேண்டும் என்று கேட்கவில்லை. அவர்களிடம் கேட்டது வேறு: வீடு கட்டு, குடியிரு, தோட்டம் போடு, அதன் கனியைச் சாப்பிடு, அந்த ஊர் நன்றாயிருக்க ஜெபம் பண்ணு. போட்டார்கள் போலிருக்கிறது. பாபிலோன் பக்கம் யூதா ஊர் என்றே பெயர் கொண்ட ஒரு குடியிருப்பின் களிமண் பலகைகள் கிடைத்திருக்கின்றன. மிகப் பழையது கி.மு. 572ஐச் சேர்ந்தது. அவற்றில் இருப்பவை குத்தகை, வரி, வாற்கோதுமை, பேரீச்சை, யார் யாருக்கு எவ்வளவு பாக்கி. படித்தால் நம்மூர் நிலக் கணக்கான அடங்கல் மாதிரி இருக்கும், ஒரு இடத்திலும் 'அல்லேலூயா' கிடையாது.

இப்போது உங்கள் கடிதத்தை நீங்களே ஒருமுறை வாசியுங்கள். எதிர்காலம் தெரியாமல் ஒரு முருங்கைக் கொம்பை நட்டு, அதன் கீரையை அம்மாவுக்குக் கொடுக்கிறீர்கள். "அவ்வளவுதான்" என்று எழுதியிருக்கிறீர்கள். எரேமியா கேட்டதும் அவ்வளவுதான்.

அப்புறம் கோபம். அதே சிறைப்பட்டவர்கள்தான் கின்னரங்களை அலரிச்செடிகளில் மாட்டிவிட்டுப் பாட மாட்டோம் என்றவர்கள். 137ஆம் சங்கீதத்தின் கடைசி வசனத்தைச் சபையில் சத்தமாக வாசிக்கவே நாம் தயங்குவோம், அத்தனை கோபம். அதை யாரும் வேதாகமத்திலிருந்து எடுத்துப்போடவில்லை. நீங்கள் பின்வாங்கவில்லை.

உங்கள் அண்ணன் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கடுமையாகச் சொல்லப் போகிறேன். "நீங்கள் எனக்குத் தீமை செய்ய நினைத்தீர்கள், தேவனோ அதை நன்மையாக முடியப்பண்ணினார்" என்று தன்னை விற்ற அண்ணன்மாரிடம் சொன்னவன் யோசேப்பு. குழியில் கிடந்தவன், விற்கப்பட்டவன், சிறையில் இருந்தவன். அதையும் அப்பா இறந்து அடக்கம் எல்லாம் முடிந்த பிறகு, அத்தனை வருடம் கழித்துத்தான் சொன்னான். அந்த வசனத்தை அண்ணன்மார் குழிக்கு மேலே நின்றுகொண்டு சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும்? உங்கள் அண்ணன் கெட்டவர் என்று சொல்லவில்லை. தூரத்தில் இருப்பவர்களுக்குக் குற்ற உணர்ச்சி உண்டு, அது வசனமாக வெளிவரும். எனக்கும் வந்திருக்கிறது. என் அப்பா படுக்கையில் கிடந்த எட்டு மாதமும் நான் வெளியூரில் இருந்துகொண்டு, பார்த்துக்கொண்ட அக்காவுக்கு வாராவாரம் ஒரு வசனம் அனுப்பினேன். ஒருநாள் அக்கா திருப்பி அனுப்பியது ஒரே வரி: டயப்பர் தீர்ந்துவிட்டது, பணம் போடு.

யோசேப்பு இன்னொன்றும் செய்தான். பானபாத்திரக்காரன் விடுதலையாகப் போகிறான் என்று தெரிந்ததும், பார்வோனிடம் என்னைப் பற்றிச் சொல், இந்த இடத்திலிருந்து என்னை வெளியே எடு என்று கேட்டான். கர்த்தர் கூட இருக்கிறார் என்று நம்பிக்கொண்டேதான் கேட்டான். அந்தப் பானபாத்திரக்காரன் மறந்துபோனது வேறு கதை.

நீங்களும் கேளுங்கள். வருடத்தில் ஒரு மாதம் வந்து அம்மாவைப் பார்த்துக்கொள்ளும்படி அண்ணனுக்கு எழுதுங்கள், இரவுக்கு ஓர் ஆள் வைக்கவும் பணம் கேளுங்கள். அவர் வருகிற மாதம் நீங்கள் சென்னையோ கொடைக்கானலோ போய்த் தூங்குங்கள். வேலையும், வீட்டிலிருந்தே அரை நாள் செய்கிற மாதிரி கிடைக்கிறதா என்று பழைய மேனேஜரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

அண்ணன் என்ன பதில் எழுதினார் என்று சொல்லுங்கள். அம்மா இப்போது கீரையை மென்று விழுங்குகிறார்களா, அரைத்து வடிகட்டித்தான் கொடுக்கிறீர்களா என்பதையும்.