மும்பையில் புதிய முற்போக்குத் தமிழ்க் காலாண்டிதழ்: கருப்பொருளை எப்படித் தேர்வு செய்வது?

தாராவியிலிருந்து 64 பக்கக் காலாண்டிதழ் தொடங்குகிறோம், முதல் இதழுக்கு என்ன கருப்பொருள் வைக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

'சமூக நீதி', 'பாசிசம்' என்று மட்டும் வைக்காதீர்கள். கட்டுரை எழுதும் எட்டுப் பேரும் ஒரே முன்னுரையைத்தான் எழுதித் தருவார்கள். கேள்வியாக மாற்றுங்கள். தாராவி மறுசீரமைப்பில் 2000 ஜனவரி 1 என்ற வரம்புத் தேதி (அதற்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவருக்குத்தான் தாராவிக்குள் இலவச வீடு) யாரை உள்ளே வைக்கிறது, யாரை வெளியே தள்ளுகிறது? இப்படிக் கேட்டால் வழக்கறிஞர், மாடியில் வாடகைக்கு இருப்பவர், தோல் பட்டறைக்காரர் என ஆளுக்கொரு கோணம் கிடைக்கும். நம் தோழர்களுக்குள்ளேயே ஒருவராவது மறுத்து எழுத முடியாத கேள்வி என்றால் அது முழக்கம்தான், கருப்பொருள் அல்ல.

அன்றாடச் செய்தியைத் துரத்தவும் வேண்டாம். அச்சாகி வரும்போது ஆறிப்போயிருக்கும். 1966-இல் சிவசேனா தொடங்கியபோது தென்னிந்தியர்மேல் பாய்ந்த 'மண்ணின் மைந்தர்' அரசியல், பின்னாளில் வட இந்தியத் தொழிலாளிமேல் திரும்பியது ஏன் என்பது மூன்று மாதத்தில் பழசாகாது. இரண்டாம் இதழுக்கு இதையே சொல்வேன்.

பக்கத்துக்குச் சுமார் 250 சொல் என்றால், 1,500 சொல் கட்டுரைகள் எட்டுக்கு 48 பக்கம். மிச்சம் நேர்காணலுக்கும் நூல் மதிப்புரைக்கும். ஆனால் பன்னிரண்டு பேரிடம் கேளுங்கள். நான்கு பேராவது கடைசி வாரத்தில் கைவிரிப்பார்கள். ஆகவே கருப்பொருளை நான்கு மாதம் முன்பே முடிவு செய்துவிடுங்கள்.