நேற்று வரை தெளிவாக இருந்தவருக்கு இன்று ஏன் இந்தக் குழப்பம்?

கேள்வி: அம்மாவுக்கு 78 வயது. முந்தாநாள் வரை வீட்டுக் கணக்கெல்லாம் அவர்தான் பார்த்தார். நேற்று மாலையிலிருந்து என்னையே யாரென்று கேட்கிறார். மறதிநோயா?

பதில்: மறதிநோய் பெரும்பாலும் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல வருவது. சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ வரும் குழப்பத்தை டெலிரியம் என்போம். பெரும்பாலும் உடம்பில் வேறெங்கோ உள்ள கோளாறு மூளையில் தெரிகிறது. இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். ‘வயசானா அப்படித்தான்’ என்று யார் சொன்னாலும் விட்டுவிடாதீர்கள். ‘முந்தாநாள் கணக்கு பார்த்தவர்’ என்பதை முதலில் சொல்லுங்கள். அவருடைய இயல்பு உங்களுக்குத்தான் தெரியும்.

கேள்வி: அப்பாவுக்குக் காய்ச்சலே இல்லை. பிறகு எதற்கு இத்தனை பரிசோதனை?

பதில்: முதுமையில் நிமோனியாகூடக் காய்ச்சலோ பெரிய இருமலோ இல்லாமல் வரலாம், குழப்பமே முதல் அறிகுறியாக இருக்கும். சிறுநீரில் கிருமி தெரிந்தாலும் தேடலை அதோடு நிறுத்தக் கூடாது. தொந்தரவே இல்லாத முதியவர்கள் பலருக்கும் அது இருக்கும். ரத்தத்தில் சோடியம் என்ற உப்பின் அளவு 135-க்கு வெகுவாகக் கீழே போனாலும் குழப்பம் வரும். பிரஷருக்கான நீர் மாத்திரை அதற்கு ஒரு காரணம். நீர் வற்றுவது, சிறுநீர் அடைப்பு, பல நாள் மலச்சிக்கல் எல்லாமே இதைச் செய்யும். சர்க்கரை நோயாளி என்றால் வீட்டிலேயே உடனே சர்க்கரை அளவைப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்து, விழுங்கவும் முடிந்தால், சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள்.

கேள்வி: மாமனார் சளிக்கு மாத்திரை போட்ட மறுநாள் சுவரில் பூச்சி ஊர்கிறது என்கிறார்.

பதில்: மாத்திரைமேல் சந்தேகப்படுவது சரிதான். குளோர்பெனிரமின், டைபென்ஹைட்ரமின் உள்ள மாத்திரைகள் வயதானவர்களின் மூளையைக் குழப்பும், சிறுநீரையும் அடைக்கும். எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். ஆனால் நெடுநாள் தூக்க மாத்திரையை நீங்களாகத் திடீரென நிறுத்தாதீர்கள். அதனாலும் குழப்பம் வரும்.

கேள்வி: தாத்தா சத்தம் போடவில்லை. பேசாமல் தூங்கிக்கொண்டே இருக்கிறார்.

பதில்: இந்த அமைதியான வகைதான் அதிகம் கவனிக்காமல் போகிறது, எனக்கு அதிகம் பயமும் இதில்தான். கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்லிப் பாருங்கள். வழக்கமாகச் சொல்லக்கூடியவர் பாதியில் தொலைந்துபோனால் கவனம் நிற்கவில்லை என்று அர்த்தம். சமீபத்தில் விழுந்தாரா? தலைக்குள் ரத்தம் மெல்லக் கசிந்து, வாரங்கள் கழித்தும் இப்படி ஆகலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர் என்றால் கட்டாயம் சொல்லுங்கள்.

கேள்வி: எப்போது ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும்?

பதில்: வாய் கோணல், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், வலிப்பு, மூச்சுத்திணறல், எழுப்பினாலும் எழாத நிலை. அப்போது காரணம் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், உடனே கூப்பிடுங்கள்.