ஸ்டீராய்டு என்று பயந்து மாத்திரையைக் குறைக்கலாமா?

நான்கு வயது மகளின் ஸ்டீராய்டு மாத்திரையைப் பாதியாகக் குறைத்துவிட்டதாக எழுதிய அம்மாவுக்கு என் பதில் இது. முதலில், இன்றைக்கே மகளின் ஹார்மோன் மருத்துவரைக் கூப்பிட்டு, மாத்திரையைப் பாதியாக்கியதைச் சொல்லி, அவர் எழுதிக் கொடுத்த அளவுக்குத் திரும்புங்கள். ஸ்டீராய்டால் பிள்ளை குள்ளமாகிவிடும் என்று யாரோ பேசிய வீடியோவை நம்பி, நான்கு வயதுக் குழந்தையின் ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற அந்த ஸ்டீராய்டு மாத்திரையில் கை வைத்திருக்கிறீர்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது.

அவளுக்கு இருப்பது பிறவி அட்ரினல் மிகைவளர்ச்சி, அதாவது சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பியைப் பிறவியிலேயே பாதிக்கும் நோய். உடலுக்கு அவசியமான கார்ட்டிசால் என்ற ஹார்மோன் சுரக்கத் தேவையான 21-ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதி அவள் உடலில் சரியாக வேலை செய்யவில்லை. உடல் தயாரிக்காத ஒன்றைத்தான் மாத்திரை ஈடுகட்டுகிறது. அளவு குறைந்தால் கார்ட்டிசால் போதவில்லை என்று மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி அட்ரினலை விரட்டிக்கொண்டே இருக்கும். அடைபட்ட வாய்க்கால் நீர் பக்கத்து வயலில் பாய்வதுபோல, கார்ட்டிசாலாக மாற வேண்டிய மூலப்பொருள்கள் ஆண் ஹார்மோனாக மாறும். எலும்பு வயதை மீறி முதிரும், எலும்பை நீளவைக்கும் வளர்ச்சித் தட்டுகள் சீக்கிரமே மூடிவிடும். "இப்போது மடமடவென்று உயருகிறாள்" என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் கவலை. இன்று உயரமாகத் தெரியும் பிள்ளை வளர்ந்த பிறகு குள்ளமாக நின்றுவிடலாம். அளவு அதிகமானாலும் வளர்ச்சி குறையும், உண்மைதான். அதனால்தான் ரத்தப் பரிசோதனையும், எலும்பு முதிர்ச்சியைக் காட்டும் இடது கை எக்ஸ்ரேயும் பார்த்து மருத்துவர் அளவை மாற்றுகிறார்.

உயரத்தைவிட நீங்கள் பயப்பட வேண்டியது வாந்திக்கு. சாதாரண வயிற்றுப்போக்கோடு வரும் வாந்திகூட இவளுக்கு ஆபத்து. மாத்திரை வயிற்றில் தங்காது, உடலிலிருந்து உப்பு வெளியேறும், சர்க்கரை இறங்கும். குழந்தை துவண்டு, கை கால் சில்லிட்டு, கூப்பிட்டால் சரியாகப் பதில் சொல்லாமல் தூங்கி விழுந்தால், கார்ட்டிசால் போதாமல் உயிருக்கே ஆபத்தாகும் அட்ரினல் நெருக்கடி வந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசியைப் போட்டுவிட்டு உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். ஊசி கைவசம் இல்லையென்றால் தேடி நிற்காமல் கிளம்புங்கள். காய்ச்சலின்போது மாத்திரையை வழக்கமாக இரண்டு மூன்று மடங்காக்கச் சொல்வோம். அவளுக்கு எவ்வளவு என்பதை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், ஊசி போடவும் பழகிக்கொள்ளுங்கள்.



கர்ப்பத்தில் நீங்கள் சாப்பிட்ட எதுவும் மகளின் இந்த நோய்க்குக் காரணம் இல்லை. இந்த நொதிக்கான மரபணு 6-வது குரோமோசோமில் இருக்கிறது. அதன் பக்கத்திலேயே கிட்டத்தட்ட அதே எழுத்துகளோடு, வேலை செய்யாத போலி மரபணு ஒன்று உண்டு. கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது போலியின் பிழைகள் அசலுக்குள் ஏறிவிடுவதுண்டு. இந்நோயில் காணும் மரபணுப் பிழைகளில் பெரும்பாலானவை அப்படி வந்தவைதான். பொதுவாக அம்மா, அப்பா இருவரிடமும் ஒவ்வொரு பழுதான பிரதி இருக்கும், அவர்களுக்கு எந்தத் தொந்தரவும் தெரியாது. அப்படியானால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அடுத்த குழந்தைக்குத் திட்டமிடும் முன்பே மூவரும் மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பிரசவம் பார்ப்பவரிடமும் சொல்லி வையுங்கள். பிறந்த உடனே பரிசோதித்துவிட்டால், இரண்டாவது மூன்றாவது வாரத்தில் வரக்கூடிய உப்பு இழப்பு நெருக்கடிக்கு முன்பே சிகிச்சை தொடங்கிவிடலாம்.