ஃபெரி இருக்கும்போது டென்மார்க்–ஜெர்மனி கடலடிச் சுரங்கம் எதற்கு?

டென்மார்க்கின் ரோட்பிக்கும் ஜெர்மனியின் புட்கார்டனுக்கும் இடையே ஃபெரி 45 நிமிடத்தில் போய்விடுகிறதே, அப்புறம் எதற்கு 18 கிலோமீட்டர் சுரங்கம் என்று கேட்டிருந்தீர்கள். காருக்குச் சரி, சரக்கு ரயிலுக்குத்தான் சிக்கல். அது இப்போது ஃபெரியில் ஏறுவதில்லை. டென்மார்க்கின் ஜட்லாண்ட் தீபகற்பம் வழியாகச் சுமார் 160 கிலோமீட்டர் சுற்றிப் போகிறது.

மலையைக் குடைகிற மாதிரி வேலை இல்லை இது. கரையோரத் தொழிற்சாலையில் 217 மீட்டர் நீளம், 73,000 டன் எடையில் கான்கிரீட் துண்டுகளை வார்த்து, இரண்டு முனையையும் அடைத்து, மிதக்கவிட்டு (ஆமாம், மிதக்கும், உள்ளே காற்றுதானே) இழுத்துப்போய், கடலடியில் தோண்டிய பள்ளத்தில் இறக்கி ஒன்றோடொன்று பொருத்துகிறார்கள். இந்த அளவில் 79 துண்டு, நீளம் குறைந்த சிறப்புத் துண்டு 10, மொத்தம் 89. உள்ளே நால்வழிச் சாலை, இரட்டை ரயில் பாதை. ரயில் 7 நிமிடத்தில் கடந்துவிடும். சுரங்கச் செலவு பெரும்பாலும் டென்மார்க் தலையில்தான், கட்டணம் வசூலித்துக் கடனை அடைக்க வேண்டும்.