அதே நடை, அதே தூரம். கலோரி மட்டும் குறைவது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 47, உயரம் 158 செ.மீ. ஏழு மாதங்களுக்கு முன் 78 கிலோ இருந்தேன். தினமும் காலையில் ஆறு கிலோமீட்டர் நடந்தும், இரவுச் சாப்பாட்டைக் குறைத்தும் 69 கிலோவுக்கு வந்திருக்கிறேன். ஆனால் என் ஃபிட்னெஸ் வாட்ச் ஆரம்பத்தில் ஒரு நாளைக்கு 2,150 கலோரி செலவானதாகக் காட்டியது. இப்போது 1,930-ஐத் தாண்டுவதில்லை. நடையில் ஒரு குறையும் வைக்கவில்லை. உடம்பு மந்தமாகிவிட்டதா? மதியச் சோற்றையும் நிறுத்திவிடலாமா?
– வாசகி, மதுரை

பதில்: அன்புச் சகோதரி, மதியச் சோற்றில் கை வைக்காதீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதைப் பிறகு பேசலாம்.

வாட்ச் காட்டும் கலோரியில் பெரும்பங்கு நடையால் வருவதல்ல. மூச்சு விடவும், இதயம் துடிக்கவும், உடல் சூட்டைக் காக்கவும் சும்மா படுத்திருந்தாலே செலவாகும் சக்தி அது. வாட்ச் அதை அளப்பதில்லை. நீங்கள் கொடுத்த வயது, உயரம், எடையை வைத்துக் கணக்குப் போடுகிறது. இதற்குப் பரவலாகப் பயன்படும் மிஃப்ளின்–செயின்ட் ஜியோர் சூத்திரம் 1990-இல் வெளியானது. பெண்களுக்கு எடையைப் பத்தாலும் உயரத்தை 6.25-ஆலும் பெருக்கிக் கூட்டி, வயதின் ஐந்து மடங்கையும் 161-ஐயும் கழிக்க வேண்டும். உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 78 கிலோவில் சுமார் 1,370. 69 கிலோவில் சுமார் 1,280. செயலியில் எடையை மாற்றிய உடனே 90 கலோரி இறங்கிவிடுகிறது.

நடையிலும் இதே கதைதான். ஒன்பது கிலோ அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு ஆறு கிலோமீட்டர் நடந்தவர், இன்று வெறுங்கையோடு நடக்கிறீர்கள். அதே தூரத்துக்குக் குறைந்த சக்தி போதும்.

அடுத்தது இதயத்துடிப்பு. நடக்கும்போது வாட்ச் பெரிதும் நம்புவது இதைத்தான். ஏழு மாதப் பயிற்சியில் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் முன்பைவிட அதிக ரத்தத்தை அனுப்பப் பழகியிருக்கும். அதனால் அதே வேகத்தில் நடந்தாலும் துடிப்பு குறையும். துடிப்பு குறைந்தால் வாட்ச் உழைப்பும் குறைந்ததாக எடுத்துக்கொள்ளும். செயலியில் ஓய்வுநேர இதயத்துடிப்பு என்ற பகுதியில் ஏழு மாதத்துக்கு முந்தைய எண்ணையும் இன்றைய எண்ணையும் பாருங்கள். இறங்கியிருந்தால் மனம் விட்டு மகிழுங்கள். அது நீங்கள் உழைத்துச் சம்பாதித்தது. ஆனால் இடையில் ரத்த அழுத்தத்துக்குப் புது மாத்திரை தொடங்கியிருந்தால், அதுவும் காரணமாக இருக்கலாம். மெட்டோப்ரோலால், அட்டெனோலால் போன்றவை துடிப்பைக் குறைக்கும். எண்ணுக்காக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

இன்னொன்று, மெலிந்தவர்கள் பலர் கவனிக்காதது: மணிக்கட்டும் மெலியும். பழைய துளையிலேயே பட்டையை மாட்டினால் வாட்ச் தளர்ந்து தோலைவிட்டு எழும்பும்; அடியில் துடிப்பை அளக்கும் பச்சை விளக்கின் ஒளி வெளியே கசியும், எண்ணும் பிசகும். வளையல் இடித்துத் தள்ளினாலும் இப்படித்தான் ஆகும். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரற்கடை மேலே, ஒரு துளை இறுக்கிக் கட்டிப் பாருங்கள்.

இத்தனைக்கும் பிறகு அந்த எண் ஓர் உத்தேசம்தான். 2017-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் கையில் கட்டும் ஏழு கருவிகளைச் சோதித்தது. துடிப்பைப் பெரும்பாலானவை நன்றாகவே அளந்தன. கலோரியில் இருப்பதிலேயே சிறந்த கருவிகூடச் சராசரியாக 27 சதவீதம் பிசகியது. அப்படிப்பட்ட எண்ணை நம்பிச் சோற்றைக் குறைப்பது எனக்குக் கவலையாக இருக்கிறது.

உணவை மேலும் வெட்டினால் உடம்பே சிக்கனம் பிடிக்கத் தொடங்கும். 1944–45-இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ், 36 ஆரோக்கியமான இளைஞர்களை ஆறு மாதம் அரை வயிற்று உணவில் வைத்துப் பார்த்தார். அவர்களுடைய ஓய்வுநேரச் சக்திச் செலவு சுமார் 40 சதவீதம் விழுந்தது. சோர்ந்து போனார்கள், வெயில் காலத்திலும் குளிர் எடுத்தது. உங்கள் நிலை அவ்வளவு கடுமையானதல்ல. ஆனால் ஏற்கெனவே இரவில் குறைத்திருக்கிறீர்கள், மதியத்தையும் விட்டால் தசை கரையும்.

ஆகவே மதியம் சோற்றை அளவாக வைத்துக்கொண்டு, பக்கத்தில் முட்டையோ மீனோ சுண்டலோ சேருங்கள். வாரத்தில் இரண்டு நாள், நாற்காலியில் உட்கார்ந்து எழுவதையும் சுவரில் கை ஊன்றித் தள்ளுவதையும் பத்துப் பத்து முறையாகச் செய்யுங்கள். கலோரிக்குப் பதிலாக மாதம் ஒரு முறை இடுப்பைத் தையல் டேப்பால் அளந்து எழுதி வையுங்கள். காரணமில்லாத களைப்பு, முடி கொட்டுதல், எப்போதும் குளிர்வது போன்ற உணர்வு இருந்தால் மட்டும் தாமதிக்காமல் மருத்துவரைப் பார்த்து, தைராய்டும் ஹீமோகுளோபினும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.