லேசான ஃப்ளைவீல் பூட்டிய கார்: பிழை கராஜிலா, சாமானிலா, உங்களிலா?

கேள்வி: உப்புவெளியில் இருக்கிறேன். என்னிடம் 1997 ஹொண்டா சிவிக், மெனுவல் கியர். ஜனவரி 20 ஆம் திகதி கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒரு கடையில் புதுக் கிளட்ச் செற்றும் பாரம் குறைந்த ஃப்ளைவீலும் (என்ஜினோடு சேர்ந்து சுழலும் சக்கரம்) வாங்கினேன். பெப்ரவரி 10 இல் திருகோணமலை நகரில் ஒரு கராஜில் பூட்டினேன். கூலி 45,000 ரூபா, அதில் 30,000 கொடுத்தாயிற்று. கார் கைக்கு வந்த அன்றே ஐட்லில் கடகட சத்தம். உவர்மலை ஏற்றத்தில் எடுக்கும்போது என்ஜின் நின்றுபோகிறது. மூன்று வாரத்தில் கருகல் மணம் வரத் தொடங்கியது. நாலாம் கியரில் அமத்தினால் என்ஜின் இரைகிறது, வேகம் ஏறுவதில்லை, கீழே எண்ணெயும் சொட்டுகிறது. கராஜ்காரரிடம் போனால் "சாமான் நீங்கள் கொண்டுவந்தது, லேசான வீல் என்றால் அப்படித்தான்" என்கிறார். பாக்கி 15,000 தந்தால்தான் என் பழைய ஃப்ளைவீலைத் தருவாராம். வேறொரு மெக்கானிக் நாளைக்கே கழற்றிப் பார்க்கலாம் என்கிறார். பொலிசுக்குப் போகலாமா? மன உளைச்சலுக்கும் சேர்த்து ஐந்து இலட்சம் கேட்கலாமா? இன்சூரன்ஸ் கம்பனிக்கு இந்த மாற்றத்தைச் சொல்ல வேண்டுமா?

பதில்: நாளைக்குக் கழற்ற வேண்டாம். காரை ஓட்டவும் வேண்டாம். இந்த இரண்டையும் முதலில் செய்துவிட்டு மிச்சத்தைப் படியுங்கள்.

உங்கள் வழக்கின் சாட்சி முழுவதும் கியர்பொக்ஸுக்கும் என்ஜினுக்கும் இடையில் இருக்கிறது. எண்ணெய் எங்கிருந்து வருகிறது, கிளட்ச் பிளேட்டில் எண்ணெய் பட்டிருக்கிறதா, போல்ட்டுகள் சரியாக இறுக்கப்பட்டனவா என்பதையெல்லாம் திறந்த அன்று மட்டும்தான் பார்க்க முடியும். எதிர்த்தரப்பு இல்லாமல் உங்களுக்கு வேண்டிய ஒரு மெக்கானிக் திறந்து, துடைத்து, புதுச் சீல் (எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையம்) போட்டுவிட்டால், பிறகு கராஜ்காரர் "நான் பூட்டும்போது அப்படி இல்லை, இவர்தான் கழற்றிக் கெடுத்தார்" என்பார். அதை மறுக்க உங்களிடம் எதுவும் இருக்காது.

ஓட்ட வேண்டாம் என்பதற்கும் சட்டக் காரணம் இருக்கிறது. வழுக்கும் கிளட்ச்சோடு ஓடினால் சூடு ஏறி, கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டும் ஃப்ளைவீலின் முகமும் கெட்டுப்போகும். உங்களால் தவிர்த்திருக்கக்கூடிய நட்டத்தை நீதிமன்றம் மற்றவர் தலையில் கட்டாது.

இனி, கராஜ்காரர் சொன்ன பதிலில் பாதி சரி. உங்களுக்கு இது பிடிக்காது, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். பாரமான ஃப்ளைவீல் என்ஜினின் ஒவ்வொரு வெடிப்பின் அதிர்வையும் தனக்குள் வாங்கிச் சமப்படுத்துகிறது. அதை லேசாக்கினால் என்ஜின் சட்டென்று ஏறும், சட்டென்று இறங்கும். அதற்காகத்தானே வாங்கினீர்கள்? ஆனால் சமப்படுத்தும் வேலை குறைந்துவிடுவதால் கியர்பொக்ஸுக்குள் சும்மா சுற்றும் பல்லுகள் ஐட்லில் கடகடக்கும். ஏற்றத்தில் எடுக்கும்போது என்ஜினைத் தாங்கிக்கொள்ளும் சுழற்சி குறைவு என்பதால், பழைய பழக்கத்தில் கிளட்ச்சை விட்டால் நின்றுவிடும். உவர்மலையிலும் கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியிலும் இதை நீங்கள் தினம் பார்ப்பீர்கள். இவை அந்தச் சாமானின் குணங்கள். கேட்டு வாங்கிய குணத்துக்கு நட்டஈடு கிடையாது.

ஒரு சின்னச் சோதனையை இப்போதே செய்து பார்க்கலாம். நியூட்ரலில் கார் நிற்கும்போது கிளட்ச் பெடலை மிதியுங்கள். மிதித்ததும் சத்தம் போய்விட்டால் அது அநேகமாக நான் சொன்ன பல்லுச் சத்தம்தான். மிதிக்கும்போதுதான் சத்தம் வருகிறது என்றால் கிளட்ச்சை விடுவிக்கும் ரிலீஸ் பெயரிங் மீது சந்தேகம் வைக்கலாம், அது வேறு கதை. யாராவது பக்கத்தில் நின்று இதை வீடியோ எடுக்கட்டும், திகதியும் தெரியட்டும்.

வழுக்கலும் எண்ணெயும் அப்படியல்ல. எந்த லேசான வீலும் எண்ணெய் கசியச் செய்யாது. "லேசான வீல் என்றால் அப்படித்தான்" என்ற பதில் அந்த இரண்டுக்கும் செல்லாது. உங்கள் முறைப்பாட்டை இந்த இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சத்தத்தையும் என்ஜின் நிற்பதையும் சேர்த்து எழுதினால், பலமான முறைப்பாட்டைப் பலவீனமானது இழுத்து விழுத்தும்.

சாமானை நீங்கள் கொடுத்ததால் கராஜ்காரர் தப்பிவிடுவாரா? தையல்காரரிடம் துணியை நீங்களே கொடுத்தால், சாயம் போனதற்கு அவர் பொறுப்பில்லை, தையல் பிரிந்தால் பொறுப்பு. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 32 ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது. வியாபாரமாகச் சேவை வழங்கும் எவரும் உரிய கவனத்தோடும் திறமையோடும் அதைச் செய்வார் என்ற உத்தரவாதம், எழுதாவிட்டாலும் ஒப்பந்தத்துக்குள் இருக்கிறது. அவர் தானே சாமான் போட்டிருந்தால் அந்தச் சாமான் தேவைக்குப் பொருந்தும் என்ற உத்தரவாதமும் சேரும். உங்கள் விடயத்தில் கிளட்ச் செற்றுக்கு அது பொருந்தாது, ஆனால் அவர் வாங்கிப் போட்ட ஒயில் சீலுக்கும் போல்ட்டுக்கும் பொருந்தும்.

ஆகவே என் முதல் கேள்வி அந்தச் சீலைப் பற்றியது. ஃப்ளைவீலைக் கழற்றினால், என்ஜினின் சுழலும் தண்டான கிராங்கின் பின்பக்க ஒயில் சீல் கண்முன்னே தெரியும். சீலின் விலை சிறிது, அதை எட்டுவதற்கான கூலிதான் பெரிது. அதனால் கவனமுள்ள மெக்கானிக் அந்த நேரத்திலேயே மாற்றிவிடுவார், அல்லது "மாற்றட்டுமா" என்று கேட்பார். உங்களிடம் கேட்டாரா? கேட்காமல் பழைய சீலோடு மூடியிருந்தால், அல்லது புதுச் சீலைக் கோணலாக அடித்திருந்தால், 32 ஆம் பிரிவு உங்கள் பக்கம். அவர் கேட்டு, "இப்போதைக்கு விடுங்கள், காசு கூடிவிட்டது" என்று நீங்கள் சொல்லியிருந்தால், மன்னிக்கவும், வழக்கின் முக்கால்வாசி போய்விட்டது. எண்ணெய் கியர்பொக்ஸ் பக்கத்துச் சீலில் இருந்தும் வரலாம். அதையும் திறந்த பிறகுதான் சொல்ல முடியும்.

இரண்டாவது கேள்வி உங்கள் வலது காலைப் பற்றியது. புதுக் கிளட்ச்சைப் பதப்படுத்த முதல் சில நூறு கிலோமீற்றர் நகருக்குள் மெதுவாக ஓட்டச் சொல்லித்தான் இந்தச் செற்றுகளோடு வரும் துண்டுப்பிரசுரங்கள் வழக்கமாகச் சொல்கின்றன. பலது 800 கிலோமீற்றர் வரை கேட்கும். நீங்கள் எப்படி ஓட்டினீர்கள்? நிலாவெளி வீதியில் இரவில் சில்லு சுற்றிய வீடியோ ஏதாவது முகநூலில் கிடக்கிறதா? அழிக்கச் சொல்லவில்லை, அழிக்கவும் கூடாது. ஆனால் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அதை விரித்துக் காட்டுவதற்கு முன் உங்கள் சட்டத்தரணிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கடைக்காரரை மறந்துவிடாதீர்கள். திறந்து பார்க்கும்போது பிளேட்டின் ரிவெட் விட்டிருக்கிறது, வீல் நெளிந்திருக்கிறது என்று தெரிந்தால் பிழை பஞ்சிகாவத்தையில். அங்கே 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் பேசும். அதில் ஒரு கண்ணி இருக்கிறது. இன்ன கம்பனியின் இன்ன செற்று என்று வர்த்தகப் பெயரைச் சொல்லி நீங்களே கேட்டு வாங்கியிருந்தால், அது உங்கள் தேவைக்குப் பொருந்தும் என்ற நிபந்தனை கடைக்காரரைக் கட்டாது. சாமான் விற்பனைக்குரிய தரத்தில் இருந்தால் போதும். "1997 சிவிக், தினம் வேலைக்குப் போகிற கார், எது நல்லது" என்று கேட்டு அவர் தெரிவுசெய்து தந்திருந்தால் நிலைமை மாறும். வாங்குவதற்கு முன் வாட்ஸ்அப்பில் கதைத்திருப்பீர்கள்தானே, அந்தச் செய்திகளைப் பத்திரமாக வையுங்கள். 2006 ஆம் ஆண்டின் இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல் சட்டத்தின் பிறகு அவற்றைச் சான்றாக முன்வைக்கலாம்.

அடுத்தது அவசரமான விடயம். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு செய்ய மூன்று மாதம்தான். அது சாமானுக்கு விற்ற நாளில் இருந்தும், வேலைக்கு அது செய்த நாளில் இருந்தும் ஓடுகிறது. ஆக, கடைக்கு எதிராக ஏப்ரல் 20 இற்குள், கராஜுக்கு எதிராக மே 10 இற்குள். நடுவில் சித்திரை வருடப்பிறப்பு வருகிறது. அந்த வாரத்தில் கச்சேரி (மாவட்டச் செயலகம்) பக்கம் போய் யாரையும் பிடிக்க முடியாது, எனவே ஏப்ரல் முதல் வாரத்திலேயே இரண்டு கடிதங்களும் போய்விட வேண்டும். வழி கேட்க 1977 என்ற இலக்கத்துக்கு எடுக்கலாம், ஆனால் தொலைபேசியில் சொன்னது முறைப்பாடு ஆகாது. விசாரித்துப் பிழை என்று கண்டால், நட்டஈடு கொடுக்கவோ, சாமானை மாற்றித் தரவோ, காசைத் திருப்பிக் கொடுக்கவோ உத்தரவிட அந்தச் சபைக்கு அதிகாரம் உண்டு. இந்தத் தொகைக்கு மாவட்ட நீதிமன்றத்தில் வருடக்கணக்காக நிற்பதைவிட இதுதான் புத்தி என்பது என் எண்ணம்.

திறப்பதை எப்படிச் செய்வது? கராஜ்காரருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். வழுக்கல், எண்ணெய்க் கசிவு, இன்ன திகதி இன்ன இடத்தில் கியர்பொக்ஸ் இறக்கப்படும், நீங்கள் வந்து பார்க்கலாம், நீங்களே சரிசெய்து தர விரும்பினால் அதற்கு முன் அறிவியுங்கள் என்று எழுதுங்கள். கடைக்காரருக்கும் ஒரு பிரதி. திட்டாதீர்கள். அந்தக் கடிதத்தை ஒரு நாள் நீதவான் படிக்கலாம். வராவிட்டால் அவர் பாடு. திறக்கும்போது உங்களுக்கும் அவருக்கும் உறவில்லாத ஒரு மோட்டார் பொறியியலாளர் நிற்க வேண்டும். சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 45 ஆம் பிரிவின் கீழ் அவருடைய கருத்துத்தான் நிபுணர் கருத்தாக எடுபடும், உங்கள் மச்சானின் கருத்து எடுபடாது. துடைப்பதற்கு முன் படம் எடுங்கள். கழற்றிய பிளேட், சீல், போல்ட் எல்லாவற்றையும் கழுவாமல் ஒரு பையில் கட்டி வையுங்கள்.

பற்றுச்சீட்டின் அடியில் "பூட்டிய பின் நாம் பொறுப்பல்ல" என்று அச்சடித்திருக்கிறதா என்று பாருங்கள். வேலை முடிந்து காசு கட்டும்போது முதன்முதலாகக் கையில் தந்த நிபந்தனை, ஏற்கெனவே செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குள் பின்கதவால் நுழைய முடியாது. பற்றுச்சீட்டே தரவில்லை என்றால் இப்போது கேளுங்கள். கேட்டால் கொடுக்க வேண்டியது அவர் கடமை.

பழைய ஃப்ளைவீல் உங்களுடையது. அதை விட்டுக்கொடுப்பதாக நீங்கள் சொல்லாதவரை கழற்றிய சாமான் சொந்தக்காரருக்கே. நம் உரோம டச்சுச் சட்டத்தில் கூலி தராதவரின் பொருளைப் பிடித்து வைத்திருக்கும் உரிமை வேலை செய்தவருக்கு உண்டு, அது உண்மை. ஆனால் அது அவர் வேலை செய்த பொருளின் மேல், அது அவர் கையில் இருக்கும் வரைக்கும்தான். காரை அவர் விட்டுவிட்டார். பழைய வீலில் அவர் எந்த வேலையும் செய்யவில்லை. அதை விற்க அவருக்கு ஒருபோதும் உரிமையில்லை. விற்றுவிட்டார் என்று தெரிந்தால் அப்போது பொலிசைப் பற்றி யோசிக்கலாம். இப்போதைக்கு இது சிவில் பிணக்கு. பொலிசுக்குப் போனால் இரண்டு பேரையும் இருத்திக் கதைத்து அனுப்புவார்கள், அவ்வளவுதான்.

பாக்கி 15,000 ரூபாவை இப்போது கொடுக்க வேண்டியதில்லை. வேலையைச் சரிவரச் செய்யாதவர் முழுக் கூலி கேட்கும்போது அதையே எதிர்வாதமாக வைக்கலாம். "தர மாட்டேன்" என்று எழுதாமல், "பிழை தீரும்வரை நிறுத்தி வைக்கிறேன்" என்று எழுதுங்கள். செய்த வேலைக்கான கூலியைக் கேட்டு அவர் வழக்குப் போட ஒரு வருடம்தான் இருக்கிறது. எழுத்தில் இல்லாத ஒப்பந்தத்தை மீறியதற்காக நீங்கள் வழக்குப் போட மூன்று வருடம்.

ஐந்து இலட்சத்தை விடுங்கள். ஒப்பந்த மீறலுக்குக் கிடைப்பது கணக்குக் காட்டக்கூடிய பண நட்டம்: மீண்டும் இறக்கிப் பூட்டும் கூலி, எண்ணெயில் கெட்ட பிளேட், சீல், பொறியியலாளரின் கட்டணம், சீட்டு இருந்தால் ஓட்டோக் காசு. மன உளைச்சலுக்கு இதில் இடமில்லை. உண்மையான தொகை மத்தியஸ்த சபையின் வரம்புக்குள் வருவதால், நீதிமன்றத்துக்குப் போவதானாலும் முதலில் அங்கேதான் போக வேண்டும். அங்கே சட்டத்தரணிகள் வாதாட முடியாது, நீங்களே பேச வேண்டும். இணக்கம் வராவிட்டால் அதற்கான சான்றிதழோடு வழக்குப் போடலாம். கட்டணம் கட்ட வசதியில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை நிலையத்தில் கேளுங்கள்.

கடைசியாக இன்சூரன்ஸ். வாகனப் பதிவில் என்ஜின் இலக்கம், செஸி இலக்கம், எரிபொருள், நிறம் போன்றவை இருக்கின்றன. ஃப்ளைவீல் இல்லை, எனவே பதிவைத் திருத்த வேண்டிய வேலை இதில் வரவில்லை. ஆனால் காப்புறுதி முழு நம்பிக்கையின் மேல் நிற்கும் ஒப்பந்தம், முக்கியமான எதையும் மறைக்கக் கூடாது. முழுக் காப்புறுதி எடுத்திருந்தால் ஒரு மின்னஞ்சலில் மாற்றத்தை அறிவித்து, பதிலைக் கோவையில் போட்டு வையுங்கள். கார் லீசிங்கில் இருந்தால் ஒப்பந்தத்தில் மாற்றங்களைப் பற்றிய பந்தியைத் தேடிப் படியுங்கள். பெரும்பாலும் கம்பனியின் எழுத்துச் சம்மதம் கேட்டிருப்பார்கள், அது இல்லாமல் பூட்டியிருந்தால் கராஜுக்குக் கடிதம் எழுதுவதற்கு முன் லீசிங் கந்தோரில் அதைச் சீர்செய்துகொள்ளுங்கள்.